சப்பாணியும் வருகையும்

"ஒன்றேகால் வயதாகியும் நடக்கவில்லையே, ஹஜ்ரத்!" எனப் பெரும்பாக்கம் அடுக்ககத்துத் தாயொருவர் நம்மிடம் கலங்கினார். அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்ட உறவினர் பேச்சே காரணம். பிள்ளைத்தமிழ் மரபு ஐந்தாம் திங்களில் செங்கீரை, ஒன்பதில் சப்பாணி, ஓராண்டையொட்டி வருகை என வகுக்கும்; நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீதும் நம் புலவர்கள் அவ்வாறே பாடினர். ஆயின் அது பாட்டுக்குரிய வரையறை. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவீட்டில், தனித்து நடத்தல் ஏறத்தாழ 8 முதல் 18 மாதம்வரை விரிகின்றது. அதனையும் கடந்தால் மருத்துவரை நாடுதல் கடன். அதுவரை ஒப்பீடு வேண்டா.

நம் கவலையெல்லாம் மூத்தவனைப் பற்றியதே. நான்கு வயதினன், மேல்தளத்தில் வாழ்பவன். சிற்றில் சிதைக்கும் பருவத்தில் அவன் காலில் மணலே படவில்லை. மாலையில் அரைமணி நேரமேனும் கீழே அழைத்துச் செல்லுமாறு சொன்னோம். "இளையவனை யார் பார்ப்பது?" என்றார். மறுமுறை பிள்ளைகளின் தந்தையையும் உடனழைத்து வருமாறு கூறினோம்.