‘ஹிருத்ய’ என்ற சொல்லும் மருதம்பட்டையும்: மூலிகை நூல் மொழிபெயர்ப்பில் ஒரு பொருண்மைச் சிக்கல்

டில்லி ஜனக்புரியின் நிறுவனப் பகுதியில் ஒரே வளாகத்தில் ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி, யோகமும் இயற்கை மருத்துவமும் ஆகியவற்றிற்கான மத்திய ஆராய்ச்சி மன்றங்கள் இயங்குகின்றன. 1969இல் ஒரே மன்றமாகத் தோன்றி 1978இல் நான்காகப் பிரிந்தவை இவை. சித்த மருத்துவ ஆய்வு ஆயுர்வேத மன்றத்தின் பொறுப்பில் நெடுங்காலம் இருந்து, 2010இல் தனி மன்றமாயிற்று. அதன் தலைமையகம் இப்போது சென்னையில் உள்ளது. வடமொழி, அரபு-பாரசீகம், தமிழ் ஆகிய மூன்று கலைச்சொல் மரபுகளும் ஒரு காலத்தில் இவ்வொரு கூரையின்கீழ் ஆங்கிலத்திற்கு மாற்றப்பெற்றன. அவ்வாங்கிலம் மீண்டும் இந்திய மொழிகளுக்கு, துண்டறிக்கையாகவும் மருந்துறையின் மேலொட்டாகவும் பெயர்க்கப்படுகிறது. இவ்விருவழிப் பயணத்தில் பெரிதும் சிதைவுறும் சொற்களுள் ஒன்று ‘ஹிருத்ய’ என்பதாகும்.

ஆயுர்வேத பார்மகோப்பியா என வழங்கும் மருந்துத்தர நூலில் ஒவ்வொரு மூலிகைக்கும் சுவை, குணம், வீரியம், விபாகம், கருமம் ஆகியவை தரப்படும். மருதம்பட்டையின் கருமங்களுள் ‘ஹிருத்ய’ இடம்பெறுகிறது. இதனை ‘இதயத்திற்கு வலுவூட்டுவது’ எனப் பெயர்ப்பதில் தடையேதும் தோன்றாது. ஆனால் அதே சொல் மாம்பழத்திற்கும் மாதுளைக்கும் வரும்போது அதே தமிழ்த்தொடரை இடலாமா என்பதே வினா.

இதயமும் நெஞ்சும்

வடமொழி ‘ஹிருத்’ என்பது கிரேக்கக் ‘கார்டியா’, இலத்தீன் ‘கோர்’ ஆகியவற்றோடு ஒரே மூலத்தைச் சேர்ந்தது. ‘ஹிருதய’ தமிழில் இருவடிவம் பெற்றது. இகர உகரங்களை இடையிட்டு ‘இருதயம்’ ஆனது ஒன்று. பிராகிருத வடிவத்தின் வழியாக வந்து முதலொலி கெட்டு ‘இதயம்’ ஆனது மற்றொன்று எனக் கொள்ளலாம். பாடநூல் தமிழ் ‘இதயம்’ என்பதை உறுப்பின் பெயராக நிலைநிறுத்தியுள்ளது. கவிதையிலும் திரைப்பாடலிலும் அதே சொல் உணர்வின் இருப்பிடமாகவே வழங்குகிறது.

தமிழுக்கே உரிய ‘நெஞ்சு’ இன்னும் விரிந்தது. நெஞ்சுக்கூடு என்புழி அது மார்பு. நெஞ்சறிய என்புழி மனச்சான்று. நெஞ்செரிச்சல் என்புழி உண்மையில் இரைப்பையின் கோளாறு. மேலைமருத்துவத்திலும் இரைப்பையின் மேல்வாய்க்குக் ‘கார்டியா’ என்ற பெயர் உண்டு என்பதை நோக்க, இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று எனத் தெளியலாம். மாரடைப்பு என்ற வழக்குச்சொல்லோ உறுப்பைச் சுட்டாமல் இடத்தையே சுட்டி நின்று, ஐயத்திற்கு இடமின்றி நோயைக் குறித்துவிடுகிறது. பொதுமக்கள் ஆக்கிய சொல் அறிஞர் ஆக்கியதைவிடத் திட்பமாக அமைவதற்கு இது நல்ல சான்று.

‘இதயம்’ என்பதையும் ‘இதம்’ என்பதையும் ஒரு வேரினவாகக் கருதும் போக்கு விளம்பரத் தமிழில் காணப்படுகிறது. ‘இதம்’ என்பது வடமொழி ‘ஹித’ என்பதன் தமிழ் வடிவம். ‘ஹிருத்’ என்பதோடு அதற்கு உறவில்லை. ஒலி ஒற்றுமை பற்றிய மக்கட் சொற்பிறப்பே இது. ஆயினும் மொழிபெயர்ப்பாளருக்கு இவ்வொற்றுமை பயன்படும் ஓரிடம் உண்டு. அது பின்னர்க் காட்டப்படும்.

சரகரின் பத்துப் பொருள்கள்

சரக சம்ஹிதையின் சூத்திரத்தானம் நான்காம் அத்தியாயம் ஐம்பது மகாகஷாயங்களை வகுக்கிறது. ஒவ்வொன்றும் பத்துப் பொருள் கொண்டது. அவற்றுள் பத்தாவது ஹிருத்ய வகை. மா, காட்டுமா, இலகுசம், களா, விருக்ஷாம்லம் எனப்படும் புளி, அம்லவேதசம், பெரிய இலந்தை, இலந்தை, மாதுளை, மாதுலுங்கம் ஆகியவை அப்பத்தும். மாதுலுங்கம் என்பது தமிழில் கொம்மட்டிமாதுளை எனப்படும் நாரத்தையினப் பழம். பெயரை நம்பி அதை மாதுளையின் வகையாகக் கொள்வது பிழையாகும்.

இப்பட்டியல் முழுவதும் புளிப்புக் கனிகள். மருதம்பட்டை இதில் இல்லை. இதய நோய் மருந்துகளின் தொகுதி எனக் கருதி இதைப் படிப்பவர் திகைப்பார். அதே நூலின் இருபத்தைந்தாம் அத்தியாயம் ஹிருத்யப் பொருள்களுள் புளிப்பே தலையாயது என்கிறது. அடுத்த அத்தியாயத்தில் புளிப்புச் சுவையின் செயல்களாக, உணவில் விருப்பம் தருதல், பசித்தீ மூட்டல், மனத்தை விழிப்பித்தல், ஹிருதயத்தை நிறைவுசெய்தல் முதலியன தனித்தனியே எண்ணப்படுகின்றன. மனமும் ஹிருதயமும் இங்கு வேறு வேறாக வைக்கப்பட்டமை கருதத்தக்கது. மேலும் இருபத்தைந்தாம் அத்தியாயத்திலேயே மனமகிழ்ச்சி விளைப்பதற்கு ‘சௌமனஸ்ய’ என்ற பிறிதொரு சொல் ஆளப்பட்டு, அதில் தலைமை மதுவிற்குத் தரப்பட்டுள்ளது. எனவே ‘ஹிருத்ய’ என்பதை வெறும் ‘மனமகிழ்வு தருவது’ எனப் பெயர்ப்பதும் பொருந்தாது. உண்போனுக்கு உவப்பாகி உள்ளே இறங்கும்போதே நிறைவு தருவது என்பதே அதன் மையப் பொருள். காய்ச்சலால் நாக்கசந்து கிடப்பவருக்கு ஊறுகாய்த் துண்டொன்றைத் தரும்போது வீட்டார் எதிர்பார்ப்பது இதைத்தான்.

மருதம்பட்டை ஹிருதய நோய்க்கு மருந்தாக வருவது பிற்பட்ட செய்தி. ஏழாம் நூற்றாண்டினராகக் கருதப்பெறும் வாக்படர் அதனை அவ்வாறு கூறியவருள் முதல்வராகச் சொல்லப்படுகிறார். பதினோராம் நூற்றாண்டின் சக்கரபாணிதத்தர் ஹிருத்ரோக மருத்துவத்தில் மருதத்தைப் பாலோடும் நெய்யோடும் சேர்த்து விதிக்கிறார். இங்குச் சுவைக்கு இடமில்லை. மருதம்பட்டை துவர்ப்பது, யாருக்கும் நாவினிக்காது. ஆகவே அதன் கருமமாக ‘ஹிருத்ய’ எழுதப்படும்போது சொல் இடம்பெயர்ந்து, உறுப்பைக் காப்பது என்ற பொருளில் நிற்கிறது. ஒரு சொல்லின் ஈராயிரம் ஆண்டு வரலாறு அகரவரிசையில் ஒரே வரியாக மடிந்துவிடுவதால் இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலனாவதில்லை.

யுனானியின் இரு சொற்கள்

அதே வளாகத்து யுனானி மன்றத்தினர் கையாளும் கலைச்சொற்கள் இவ்வகையில் மேம்பட்டவை. இப்னு சீனா இதய மருந்துகளுக்கென்றே தனிநூல் எழுதியவர். அம்மரபில் ‘முகவ்வி-எ-கல்ப்’ என்பது இதயத்தை வலுப்படுத்துவது. ‘முஃபர்ரிஹ்’ என்பது அதை மகிழ்விப்பது. ரோஜா போன்ற ஒரு பொருள் இரண்டாகவும் இருக்கலாம். ஆனால் சொற்கள் இரண்டே. உடலும் உணர்வும் ஒரே உறுப்பில் உறைவதாக அம்மரபும் கொள்கிறது. எனினும் மருந்தின் செயலைக் கூறும்போது இரண்டையும் கலப்பதில்லை. சித்த மருத்துவத்தில் ஐவகை அழலுள் சாதக பித்தம் இருதயத்தில் தங்கி, எண்ணிய செயலை முடிப்பிக்கும் என்பர். அங்கும் இருப்பிடமும் தொழிலும் பிரித்தே கூறப்படுகின்றன.

இவ்விடத்தில் முன்குறித்த ‘இதம்’ துணைசெய்யும். சரகரின் கனிவகைக்கு ‘நெஞ்சுக்கு இதமானது’ என்ற தொடர் நன்கு பொருந்தும். நெஞ்சு என்பது மார்பையும் மனத்தையும் ஒருங்கே தழுவ, இதம் என்பது சுவையின் நிறைவையும் நன்மையையும் ஒருங்கே தரும். ‘முஃபர்ரிஹ்’ மனமகிழ்வூட்டி ஆகலாம். சக்கரபாணிதத்தரின் மருதத்திற்கு ‘இதயநோய்க்கு விதிக்கப்பட்டது’ என்பதே போதும். மூலம் சொல்லாத வலிமையை அதற்கு ஏற்ற வேண்டுவதில்லை.

ஆங்கில நூல்களில் வரும் ‘கார்டியோடானிக்’ என்பது வேறு. அது இதயத்தசையின் சுருங்குவிசையை மிகுவிப்பதைக் குறிக்கும் மருந்தியற் சொல். 1785இல் வில்லியம் விதரிங் வெளியிட்ட டிஜிட்டாலிஸ் ஆய்விலிருந்து வளர்ந்த கருத்து அது. மருந்தாகும் அளவிற்கும் நஞ்சாகும் அளவிற்கும் இடையே டிஜிட்டாலிசில் மிகக் குறுகிய இடைவெளியே உண்டு. அரளியிலும் மஞ்சள் அரளியிலும் உள்ள வேதிப்பொருள்கள் அவ்வினத்தவையே. வட இலங்கையில் 1980களிலிருந்து மஞ்சள் அரளி நச்சு பல உயிர்களைக் கொண்டது. இத்தகைய செடியைப் பற்றிய கட்டுரையில் ‘கார்டியோடானிக்’ என்பதை ‘இதயத்திற்கு வலுவூட்டி’ எனப் பெயர்ப்பவர் நஞ்சை நன்மருந்தாக்கிவிடுகிறார். ‘இதயத்துடிப்பின் விசையை மாற்றுவது’ என விரித்தெழுதுதல் அழகற்றதாயினும் பாதுகாப்பானது.

மருது எது?

செயலைக் குறிக்கும் சொல் சரியானாலும் செடியின் பெயர் தவறினால் பயனில்லை. மருது என்னும் தமிழ்ப்பெயர் குறைந்தது மூன்று மரங்களுக்கு வழங்குகிறது. டெர்மினாலியா அர்ஜுனா நீர்மருது, வெண்மருது எனப்படும். அதன் இனத்ததே கருமருது. பூமருது எனப்படும் லாகர்ஸ்ட்ரோமியா ஸ்பெசியோசா முற்றிலும் வேறு குடும்பத்தது. சங்கப் பாடல்களில் மருதம்பூவிற்குச் செந்நிறம் கூறப்படுவதால் திணைக்குப் பெயர்தந்த மரம் பூமருதே என்பாரும் உளர். நீர்மருதின் பூ வெளிறிய மஞ்சள் நிறத்தது.

இக்கருத்து ஏற்புடையதாயினும், மருதை ‘அர்ஜுன’ எனப் பெயர்க்கும் வழக்கு மிகப் பழையது என்பதற்குக் கோயிற்பெயர்களே சான்று. சீசைலம் மல்லிகார்ஜுனம், திருவிடைமருதூர் மத்தியார்ஜுனம், திருப்புடைமருதூர் புடார்ஜுனம் என்று தலை, இடை, கடை என மூன்று மருதுகளாக எண்ணப்படுகின்றன. வடமொழியில் ‘அர்ஜுன’ என்பது வெண்மை, ஒளி எனப் பொருள்படும்; வெளிறிய வழவழப்பான பட்டையே அப்பெயருக்குக் காரணம். தமிழ் ‘வெண்மருது’ என்பதிலும் அந்நிறம் நிற்கிறது. ஆகவே மருந்துநூலை மொழிபெயர்ப்பவர் வாளா ‘மருது’ என்று எழுதாமல் ‘நீர்மருது’ அல்லது ‘வெண்மருது’ என்றே எழுதல் வேண்டும்.

மனத்தைச் சார்ந்த மூலிகைகளில் குழப்பம் இன்னும் மிகுதி. ‘பிராமி’ என்பது வடநாட்டில் நீர்ப்பிரமியையும் வல்லாரையையும் இடத்திற்கேற்பச் சுட்டும். ‘சங்கபுஷ்பி’ வடக்கே கொன்வல்வுலஸ் இனத்துச் சிறு செடி. தெற்கே காக்கணமாகிய சங்குப்பூக் கொடி. இந்தி மூலத்தில் அச்சொல்லைக் கண்டு தமிழில் ‘சங்குப்பூ’ என இடுபவர், மனவமைதிக்கு ஒரு செடியைத் தேடி வந்தவர் கையில் வேறொரு செடியைத் தந்தவராவார். தாவரவியற் பெயரைத் தமிழ் எழுத்தில் உடன்தருவது ஒன்றே வழி.

மேலொட்டில் நிற்கும் வினைச்சொல்

1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டத்தின் அட்டவணையில் இதயநோய்களும் இரத்த அழுத்தமும் உள்ளன. இவற்றைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்தல் குற்றம். இந்நிலையில் ‘ஹிருத்ய’ என்ற பெயரடை தமிழில் ‘இதயநோய் தீர்க்கும்’ என்ற வினையாகும்போது, மொழிபெயர்ப்பு சட்டத்தின் எல்லையைக் கடக்கிறது. மூலத்தை எழுதியவர் கூறாத உறுதியை மொழிபெயர்ப்பாளர் கூறுகிறார்.

மருத்துவச் சான்றும் அவ்வுறுதியைத் தாங்காது. 1995இல் கடுமையான இதயச் செயலிழப்புற்ற 12 பேரிடம் மருதம்பட்டைச் சாறு பயன்தந்ததாக ஓர் ஆய்வு வெளிவந்தது. 2016இல் டில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் ஆய்வில், வழக்கமான மருந்துகளோடு இதனையும் பெற்ற இதயச் செயலிழப்பு நோயாளரிடம் இதயம் குருதியை வெளியேற்றும் திறன் கூடவில்லை. இரண்டாவது ஆய்வில் பங்குகொண்டோர் 100 பேர். வழக்கமான மருந்தை விட்டுவிட்டு மருதம்பட்டைக் கஷாயத்தை மட்டும் நம்பலாம் என இவற்றுள் எதுவும் கூறவில்லை. மேலொட்டைப் படிப்பவர் ஆய்வுக் கட்டுரையைப் படிப்பதில்லை. அவர் முன்னுள்ளது ஒரு வினைமுற்று மட்டுமே.

மருதம்பட்டைப் பொடியின் மேலொட்டில் ஆங்கிலத்தில் ‘இதய நலத்திற்குத் துணைபுரிவது’ என்ற கருத்து மட்டும் இருப்பதாகக் கொள்வோம். ‘இதயத்தைக் காக்கும்’ என்பது மிகை. ‘இதயத்திற்கு இதமானது’ என்பது மருதம்பட்டையின் துவர்ப்பிற்கு ஒவ்வாததோடு, ஒலியின்பத்தால் வாங்குவோரை ஈர்க்கும். ‘இதயநோய்க்கு ஆயுர்வேத நூல்களில் கூறப்படுவது’ என்பது உண்மையாயினும் நோயின் பெயரைச் சுட்டுவதால் சட்டச்சிக்கலுக்கு இடந்தரும். ‘ஆயுர்வேத மரபில் ஹிருத்யம் எனக் குறிக்கப்பெறும் நீர்மருதம்பட்டை; மருத்துவர் அறிவுரைப்படி கொள்க’ என்று மூலச்சொல்லைப் பெயர்க்காமல் நிறுத்திவிடுவதே இவ்விடத்தில் தக்கது.