இடுப்பு முள்ளெலும்பை ஒன்றாக்கும் ரணசிகிச்சை

காஞ்சிக்குத் தெற்கே பாலாற்றையடுத்த செவிலிமேட்டிலும் சூழ்ந்த ஊர்களிலும் பட்டு நெய்வோர், கால்களைத் தறிக்குழியில் இறக்கி, முன்குனிந்து நெடுநேரம் உழைப்பர். இடுப்புவலி அவர்க்குப் பழகிய துன்பம். அவருள் ஒருவரை நோக்கி, "முள்ளெலும்பை இணைக்கவேண்டும்" என்று வைத்தியர் கூறுவாராயின், அதன் பொருள் யாது? இதனை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

இடுப்பிலுள்ள முள்ளெலும்புகள் 5. அவற்றிடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. முதிர்ந்தோரின் வட்டுக்கு இரத்தக்குழாய் கிடையாது. மேலும் கீழுமுள்ள எலும்புத் தகட்டின் வழியே கசியும் ஊட்டமே அதற்கு உணவு. அத்தகடு பழுதுற்றால் ஊட்டம் செல்லும் முறை மாறுதலைக் கோயமுத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவர்தம் குழுவினரும் 2004-இல் படமெடுத்துக் காட்டினர். தேய்ந்த வட்டு நீர் வற்றி மெலியும். சிலர்க்கு எலும்பு நழுவி நரம்பை நெருக்கும்.

எலும்பை இணைக்கும் முறையை 1911-இல் நியூயார்க்கில் ஆல்பீ, ஹிப்ஸ் என்னும் இருவர் தனித்தனியே வெளியிட்டனர். ஆல்பீ காலெலும்பின் கீற்றொன்றை முதுகெலும்பிற் பொருத்தினார். ஹிப்ஸ் முள்ளெலும்பினின்றே சிறு செதில்களை எடுத்து அடுத்த எலும்போடு சேர்த்தார். 1933-இல் இங்கிலாந்தில் பர்ன்ஸ் என்பவர் வயிற்றின் வழியே சென்று இணைத்தார். 1940-களில் கிளவார்டு என்பவர் முதுகின் வழியே வட்டை அகற்றி, அவ்விடத்தில் எலும்புத் துண்டுகளை வைத்தார்.

இன்றைய முறைகள் இவற்றின் வளர்ச்சியே. முள்ளெலும்புகளில் திருகாணிகளைச் செலுத்திக் கம்பியாற் பிணைப்பர்; வட்டிருந்த இடத்திற் சிறு கூடு வைத்து எலும்புத் தூளை நிரப்புவர். ஆயினும் ஒட்டுவது உலோகமன்று. கோபுரப்பணிக்குக் கட்டிய சாரம்போல, எலும்பு வளர்ந்து ஒன்றாகும்வரை அது தாங்கிநிற்கும், அவ்வளவே. எலும்பு ஒட்டுவதற்குப் பல திங்கள் ஆகும். புகையிலை புகைத்தல் அதனைக் கெடுக்கும்.

இப்பயனுக்கு விலையும் உண்டு. இணைந்த இடம் வளையாது. அதன் அயலிலுள்ள வட்டுகள் அதிகச் சுமை ஏற்கும். குனிந்தே பிழைக்கும் நெசவாளர்க்கு இஃது சிறிய செய்தியன்று. நரம்புவழி குறுகிய 247 பேரை ஆராய்ந்து சுவீடன் நாட்டார் 2016-இல் வெளியிட்ட முடிவு இங்கு நினைக்கத்தக்கது: நெருக்கத்தை மட்டும் நீக்கப்பெற்றோரைவிட, எலும்பும் இணைக்கப்பெற்றோர் இரண்டாண்டின் பின்னும் மேம்பட்ட நலம் பெற்றிலர்.

எனவே, வெறும் வலிக்கு முதலிற் பயிற்சியும், தறியிலிருந்து இடையிடையே எழுந்து நடத்தலும் தகும். எலும்பு நிலைகொள்ளாது அசைந்து நரம்பை வருத்துமிடத்து இச்சிகிச்சை பெருந்துணையாம். கால் வலிவிழத்தலும் சிறுநீர் கட்டுக்கடங்காமையும் தோன்றின், ஒருநாளும் தாழ்க்கலாகாது. ஏனையோர், "என் எலும்பு நழுவியுளதா? நெருக்கத்தை நீக்கினாற் போதாதா? மீண்டும் தறியில் அமர இயலுமா?" என்று வைத்தியரை வினவி, விடையறிந்தபின் உடன்படுக.