மகனுக்கு 18 ஆனபின் யார் கையெழுத்து?

பழவேற்காடு ஏரியில் இன்ன நாளில் இன்ன இடத்தில் யார் வலை போடுவது என்பதைத் தலைமுறைகளாகப் பாடு முறைதான் தீர்மானித்து வந்திருக்கிறது. பாட்டில் பங்கு கிடைத்தவன் ஊருக்கு ஆளாகிவிட்டான். முறைநாளை நினைவில் வைக்கவோ பங்குக் கணக்குப் பார்க்கவோ முடியாத ஒரு மகன் அந்தப் பங்கு பெறும் வயதை எட்டும்போது அவன் தாயின் மனதில் எழுவது ஒரே கேள்விதான்: எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?

இப்படிப்பட்ட மகன்கள் சிலரின் நிலைக்கு ‘ஃபிராஜைல் எக்ஸ்’ என்ற மரபணுக் கோளாறு காரணம். பரம்பரையாக வரும் அறிவுத்திறன் குறைபாடுகளில் உலகில் அதிகம் காணப்படுவது இது. எக்ஸ் குரோமோசோமில் எஃப்எம்ஆர்1 என்ற மரபணு இருக்கிறது. அதில் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று பலருக்கு முப்பது தடவை அளவில் திரும்பத் திரும்ப வரும். அது இருநூறைத் தாண்டினால் மரபணு அடங்கிப்போய், மூளைக்குத் தேவையான ஒரு புரதம் உருவாகாது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது ஓரளவு தாங்கும். ஆணுக்கு இருப்பது ஒன்றே. ஆகவே மகன்களுக்குத்தான் பாதிப்பு கடுமையாக இருக்கிறது.

“சொந்தத்தில் கட்டியதால் வந்தது” என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். உறவுமுறைத் திருமணத்தால் கூடும் மரபணு நோய்கள் உண்டு. ஆனால் இது அந்த வகையைச் சேர்ந்ததல்ல. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்தே வருகிறது என்பதற்காகத் தாயைக் குற்றம் சொல்வது அதைவிட அநியாயம். 55 முதல் 200 வரை தொடர் நீண்டவர்கள் பெரும்பாலும் சாதாரணமாகவே வாழ்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு தாத்தா தன் மகள்கள் எல்லோருக்கும் அதைக் கொடுத்திருப்பார், தனக்கே தெரியாமல். மகள் வழியாகப் பேரனிடம் வரும்போது தொடர் நீண்டுவிடலாம். ஒரு பையனுக்கு இது உறுதியானால் அவன் சித்தி, பெரியம்மாக்களும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. வழக்கமான குரோமோசோம் பரிசோதனையில் இது தப்பிவிடலாம். எஃப்எம்ஆர்1 பரிசோதனை என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆயுளும் பெரிதாகக் குறைவதில்லை. அதாவது, மகன் பெற்றோரைக் கடந்து பல ஆண்டுகள் வாழப்போகிறவன். பேச்சுப் பயிற்சி, சிறப்புப் பள்ளி என்று சின்ன வயதில் அலைகிற குடும்பம் பதினைந்து வயதுக்குமேல் ஓய்ந்துவிடுகிறது. உண்மையில் அப்போதுதான் வேலை கூடுகிறது. தானே குளிப்பது, உடை மாற்றுவது, எதைத் தனியிடத்தில் செய்ய வேண்டும் என்பதையெல்லாம் மீசை முளைக்கும் முன்பே பழக்கிவிட வேண்டும். பதற்றத்தில் கையை ஓங்கும் 18 வயதுப் பையனை 45 வயதுத் தாயால் பிடித்து நிறுத்த முடியாது.

இவர்களில் பலருக்குக் கணக்கு வராது. ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி செய்வார்கள். மீன் ஏலக்கூச்சல் இவர்களை உலுக்கிவிடும். வீட்டு நிழலில் இறாலை அளவு பார்த்துப் பிரிப்பது, வலையில் ஒட்டிய பாசியை எடுப்பது போன்ற வேலைகளைத் தினமும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் கொடுத்தால் நிதானமாகச் செய்யக்கூடியவர்கள். ஏரிக்கரையில் இந்த வேலைகளுக்குப் பஞ்சமில்லை. இவர்கள் ஊரோடு கலந்து வாழ்வதும் நடக்காததல்ல. கொலம்பியாவில் ரிகௌர்தே என்ற சிற்றூரில் சுமார் இருபது ஆண்களில் ஒருவருக்கு இந்தக் கோளாறு இருப்பதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே இவர்கள் ஊரார் கண்முன்னே, ஊரோடு ஊராக வாழ்கிறார்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். 18 வயது நிறைந்த அன்றே பெற்றோர் சட்டப்படியான காப்பாளர் என்ற நிலை முடிந்துவிடுகிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் ஆணை பெறலாம். அதே சட்டத்தின் கீழ் இயங்கும் அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. தகுதியுள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. இவற்றுக்கெல்லாம் முதல் படி மாற்றுத்திறனாளி அடையாள அட்டை.

தாளில் இது எளிது. ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து கிளம்பும் குடும்பத்துக்கு ஆட்சியர் அலுவலகம் திருவள்ளூரில். அனுப்பம்பட்டிலோ பொன்னேரியிலோ மின்சார ரயில் ஏறினால் பேசின் பிரிட்ஜில் இறங்கி வேறு பாதை ரயிலுக்கு மாற வேண்டும். கூட்டத்தையும் இரைச்சலையும் தாங்காத பையனோடு, அன்றைய கூலியை இழந்து போகிற பயணம் அது. மாதத்தில் ஒரு நாள் குழுவும் மருத்துவரும் பழவேற்காட்டுக்கே வந்து உட்கார்ந்தால் என்ன? ஊர்ப் பஞ்சாயத்து மனு போட்டுக் கேட்க வேண்டிய கோரிக்கை இது. 17 வயது மகன் உள்ள வீடு அதற்காகக் காத்திருக்க வேண்டாம். தாய்க்குப் பின் அடுத்த காப்பாளர் அண்ணனா, சித்தப்பாவா, அக்காவா என்று இன்றே உட்கார்ந்து பேசட்டும், அந்த மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.