மெக்சிகோவின் கொடியில் நிற்கும் கள்ளி, சேத்தூர் வேலியோரத்திலும்

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 15 இரவு, மெக்சிகோ நகரத்து தேசிய மாளிகையின் மாடத்தில் அந்நாட்டு அதிபர் வந்து நிற்பார். தலைக்கு மேலே தொங்கும் மணியை அடித்து, விடுதலைக்கு உயிர் கொடுத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, ‘மெக்சிகோ வாழ்க!’ என்று மூன்று முறை முழங்குவார். சதுக்கத்தில் திரண்ட கூட்டம் திருப்பி முழங்கும். நாட்டின் சிற்றூர்களிலும் அதே இரவில் ஊர்த் தலைவர்கள் மணியடித்து முழங்குவார்கள். 1810 செப்டம்பர் 16 அதிகாலையில் டொலோரஸ் என்ற ஊரில் மிகேல் இதால்கோ என்ற பாதிரியார் தேவாலய மணியை அடித்து, ஸ்பெயின் ஆட்சிக்கு எதிராக மக்களை அழைத்தார். அந்த அழைப்பின் நினைவுதான் இந்த விழா. அன்று ஒலித்த மணியே 1896-ல் தலைநகருக்குக் கொண்டுவரப்பட்டு இன்றும் ஒலிக்கிறது. போர் முடிந்து விடுதலை கைகூட 1821 ஆயிற்று.

அன்றிரவு பறக்கும் பச்சை, வெள்ளை, சிவப்புக் கொடியின் நடுவே ஒரு கழுகு பாம்பைக் கவ்வியபடி அமர்ந்திருக்கும். அது அமர்ந்திருப்பது ஒரு கள்ளிச் செடியின் மேல். இப்படியொரு காட்சியை எங்கே காண்கிறீர்களோ அங்கே குடியேறுங்கள் என்று தெய்வம் சொன்னதாகவும், ஏரி நடுவிலிருந்த தீவில் அதைக் கண்டு ஆஸ்டெக் மக்கள் தங்கள் தலைநகரை அமைத்ததாகவும் மரபு. 1325-ல் எழுந்ததாகச் சொல்லப்படும் அந்த நகரத்தின் மேல்தான் இன்றைய மெக்சிகோ நகரம் நிற்கிறது.

அந்தக் கள்ளியின் நெருங்கிய உறவு நம் சேத்தூர்ப் பக்கமும் இருக்கிறது. ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில், தோப்பும் வயலும் முடிந்து மேட்டு நிலம் தொடங்கும் வேலியோரங்களில் நிற்கும் சப்பாத்திக்கள்ளிதான் அது. நாகதாளி என்றும் சொல்வார்கள். கொடியில் இருப்பதும் இதுவும் ஒரே பேரினத்தின் வெவ்வேறு வகைகள். ஆடுமேய்க்கும் பிள்ளைகள் முள்ளைத் தேய்த்தெடுத்துத் தின்று வாய் சிவக்கும் பழம், அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்த செடியின் பழம்.

மழையில்லாத மாதங்களிலும் இது எப்படிப் பச்சையாக நிற்கிறது? நாம் இலை என்று நினைப்பது தண்டு. இலைகள் முளைத்த சில நாட்களில் உதிர்ந்துவிடும். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும். அப்போது உள்ளிருக்கும் நீரும் ஆவியாகிப் போகும். கள்ளியோ வெயில் நேரத்தில் கதவடைத்து, இரவில் குளிர்ந்த பிறகு திறக்கிற வீடு. இரவில் வாங்கிய கரியமில வாயுவை மாலிக் அமிலமாக்கிச் சேமிக்கும். விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, அமிலத்திலிருந்து வாயுவைப் பிரித்தெடுத்து, சூரிய ஒளியில் உணவு சமைக்கும். அதனால் கள்ளித்தண்டு காலையில் புளிக்கும், மாலையில் புளிப்பு குறையும். இதே புளிப்பை ரணகள்ளியின் இலையில் நாக்கால் கண்டறிந்து எழுதியவர் பெஞ்சமின் ஹைன். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பணியில் இருந்த தாவரவியலாளர். அவருடைய குறிப்பு வெளிவந்த ஆண்டு 1815.

கள்ளியின் மேல் இன்னோர் அதிசயமும் வாழ்கிறது. வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் தெரியும் திட்டுக்குள் கொச்சினீல் என்ற சிறு பூச்சி இருக்கிறது. எறும்பு முதலிய எதிரிகளை விரட்டத் தன் உடலில் அது கார்மினிக் அமிலத்தைச் சேர்த்து வைக்கிறது. நசுக்கினால் ரத்தச் சிவப்பு. மெக்சிகோவின் வாஹாகா பகுதி மக்கள் இந்தப் பூச்சியைக் கள்ளியில் வளர்த்து நூலுக்குச் சாயமேற்றினார்கள். ஸ்பெயின்காரர்கள் அதைக் கைப்பற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அக்காலத்தில் மெக்சிகோவின் ஏற்றுமதியில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இதற்குத்தான் இருந்தது. ஒரு பவுண்டு உலர்ந்த சரக்குக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும். ஆங்கிலேய அதிகாரிகளின் செஞ்சட்டைக்கு நிறம் தந்ததும் இதுவே. பூலித்தேவர் காலத்தில் நம் பாளையங்களுக்கு வந்த கம்பெனிப் படை அதிகாரிகளின் சிவப்புக்குப் பின்னாலும் மெக்சிகோவின் உழவர்கள் இருந்தார்கள்.

அந்தச் செல்வத்தின் மேல் கம்பெனிக்கும் ஆசை. சென்னை சைதாப்பேட்டையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780களில் கள்ளித் தோட்டம் போட்டார். 1795-ல் பிரேசிலிலிருந்து கேப்டன் நீல்சன் பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். வந்தது நல்ல சாயம் தரும் வளர்ப்புப் பூச்சி அல்ல. அதன் காட்டு உறவு. சாயத் தொழில் எழவில்லை. ஆனால் அந்தப் பூச்சி கள்ளியின் ஒரு வகையைத் தின்று தீர்த்தது. அதைக் கண்ட அரசு 1836 முதல் 1838 வரை தென்னிந்தியாவில் பூச்சியை வேண்டுமென்றே பரப்ப, வயலையும் பாதையையும் அடைத்திருந்த அந்தக் கள்ளிப் புதர்கள் அழிந்தன. களையைப் பூச்சியால் ஒடுக்கும் முறைக்கு உலகில் கிடைத்த முதல் பெருவெற்றிகளில் இது ஒன்று.

நாம் இன்று அதிகம் காணும் முள் நிறைந்த வகையை அந்தப் பூச்சி தொடவில்லை. ஒவ்வொரு கொச்சினீல் வகைக்கும் அதற்கேற்ற கள்ளி வகைகள்தான் உணவு. அதனால் 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் பூச்சி வந்தது. மெக்சிகோவும் அதையொட்டிய வட அமெரிக்கப் பகுதியும் அதன் தாயகம். ஐந்தாறு ஆண்டுகளில் தென்னிந்தியாவில் கள்ளி அடைத்திருந்த நிலத்தின் பெரும்பகுதி மீண்டது. செடி வந்த திசையிலிருந்தே அதை அடக்கும் உயிரும் வந்தது.

அதே பூச்சி 2014-ல் மொராக்கோவில் தென்பட்டது. அங்கே கள்ளி களையல்ல. பழத்துக்கும் தீவனத்துக்கும் வேலிக்கும் மக்கள் நட்டு வளர்த்த பயிர். சில ஆண்டுகளில் தோட்டங்கள் அழிந்து, சிறு உழவர்கள் வருமானத்தை இழந்தார்கள். நமக்கு உதவிய உயிர் அவர்களுக்குப் பேரிழப்பு. ஓர் உயிர் நல்லதா கெட்டதா என்பதை அது வாழும் இடமும் அங்குள்ள மற்ற உயிர்களும்தான் தீர்மானிக்கின்றன. மெக்சிகோவில் கள்ளித்தண்டு தினசரிக் காய்கறி, நாட்டின் சின்னம். இங்கே அது வேலியோரத்து முள்.

சேத்தூர், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் செப்டம்பர் 16 அன்று பிள்ளைகளை அருகிலுள்ள கள்ளிப் புதருக்கு அழைத்துச் செல்லுங்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் ஒரு குச்சியால் எடுத்துக் காகிதத்தில் தேய்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்முள் குத்தும், வெறுங்கையால் தொட வேண்டாம். காகிதத்தில் சிவப்பு படிந்ததும் மெக்சிகோவின் விடுதலையையும், நம் பாளையங்களையும், அந்தச் சின்னஞ்சிறு பூச்சியையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். வரலாறும் உயிரியலும் ஒரே பாடம் என்பதைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.