வலை வீச நேரம் சொல்லும் டால்பின்கள்

பிரேசிலின் தெற்கே, சாந்தா கத்தரினா மாநிலத்தில் லகுனா என்றொரு கடலோர ஊர். அங்கே காயல் கடலோடு சேரும் முகத்துவாரத்தில், மே, ஜூன் மாதக் குளிரில், இடுப்பளவுத் தண்ணீரில் மீனவர்கள் வரிசை கட்டி நிற்பார்கள். கையில் மடித்துப் பிடித்த வீச்சுவலை. அதன் ஓர் ஓரம் பல்லில் கடிபட்டிருக்கும். தண்ணீர் ஒரே கலங்கல். காலடியில் மீன் போனாலும் தெரியாது. அதனால் குருட்டாம்போக்கில் வலை வீசிக் கையைச் சலித்துக்கொள்வதைவிடக் காத்திருப்பதே மேல் என்று நிற்கிறார்கள். எல்லார் கண்ணும் நீருக்கு மேலே வந்து வந்து மறையும் சாம்பல் நிற முதுகுகளின் மீதே இருக்கும்.

டால்பின்கள் மடவை மீன் கூட்டத்தைக் கரையை நோக்கி விரட்டி வரும். மீனவர் வரிசையை நெருங்கியதும் ஒரு டால்பின் முதுகை வில்லாக வளைத்துச் சட்டென்று முங்கும். சில நேரம் தலையாலோ வாலாலோ தண்ணீரை ஓங்கி அறையும். அதுதான் குறி. எதிரே நிற்பவர் அந்தக் கணமே வலையைச் சுழற்றி வீச வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் மீன் கைக்கு வராது. எந்த டால்பின் எப்படிக் குறி கொடுக்கும் என்பது பழகிய மீனவருக்கு அத்துப்படி. முதுகுத் துடுப்பில் உள்ள வெட்டையும் தழும்பையும் பார்த்தே இன்னது என்று சொல்லிவிடுவார்கள். ஸ்கூபி, கரோபா என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். வேலைக்கு வருவது நல்ல டால்பின், வராதது கெட்ட டால்பின். அவ்வளவுதான் கணக்கு.

இந்தக் கூட்டுத் தொழில் அங்கே 140 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. யாரும் டால்பின்களைப் பிடித்துப் பழக்கவில்லை. மீனைத் தூக்கிப் போட்டு வசப்படுத்தவும் இல்லை. தாயின் கூடவே திரிந்து குட்டி கற்றுக்கொள்கிறது. அப்பாவின் பக்கத்தில் நின்று மகன் கற்றுக்கொள்கிறான். லகுனாவில் வாழும் டால்பின்கள் ஐம்பது அறுபதுதான். அவற்றிலும் எல்லாமே மனிதரோடு சேர்ந்து வேட்டையாடுவதில்லை. சேருபவை தங்களுக்குள் அதிகம் கூடிக்கொள்வதையும், அவற்றின் சீழ்க்கை ஒலிகூடச் சற்று வேறுபடுவதையும் பிரேசில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரே காயலில் இரு வகைப் பிழைப்பு, இரு வகை நட்பு வட்டம்!

டால்பினுக்கு என்ன லாபம்?

மனிதருக்கு டால்பின் உதவுகிறது என்று கேட்டவுடன் நமக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிடுகிறது. ஆனால், டால்பின் அங்கே தருமம் செய்ய வரவில்லை. நெருக்கமாகத் திரண்டு ஓடும் மடவைக் கூட்டத்திலிருந்து ஒற்றை மீனைப் பிரித்துப் பிடிப்பது அதற்கும் சிரமம்தான். வட்டமாக விரிந்து வலை விழுந்ததும் கூட்டம் சிதறுகிறது. திசை தெரியாமல் தனியே தெறிக்கும் மீன் சுலபமாக வாய்க்கு வருகிறது. சில கில்லாடிகள் வலையிலிருந்தே ஒன்றிரண்டை உருவிக்கொள்வதும் உண்டு.

மீனவர்கள் பரம்பரையாகச் சொல்லிவந்ததை அளந்து பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது. மேலே ட்ரோன், நீருக்குள் ஒலிவாங்கிகள், மீன் கூட்டத்தைக் காட்டும் சோனார், மீனவர் மணிக்கட்டில் ஜிபிஎஸ் பட்டை என்று ஆய்வாளர்கள் இரு தரப்பையும் ஒரே நேரத்தில் கண்காணித்தார்கள். டால்பின் அருகில் இருக்கும்போது மீன் கிடைக்கும் வாய்ப்பு 17 மடங்கு கூடியது. குறி பார்த்துச் சரியான நேரத்தில் வீசியவர்களுக்கு ஏறத்தாழ 4 மடங்கு மீன் கிடைத்தது. ஆய்வுக் காலத்தில் பிடிபட்ட 4,955 மடவைகளில் 86 சதவீதம் இப்படி இரு தரப்பும் ஒத்திசைந்தபோது கிடைத்தவை. டால்பினும் எதிர்த் தரப்பைக் கவனிக்கிறது: வலை சரியாக விழுந்தால் அது அதிக நேரம் முங்கியிருக்கிறது, இரையைத் துரத்தும் வேகமான 'கிளிக்' ஒலிகளை எழுப்புகிறது.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது இன்னோர் எண். மீனவரோடு சேர்ந்து வேட்டையாடும் டால்பின்கள் உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு மற்றவற்றைவிட 13 சதவீதம் அதிகம். வயிறு நிறைவது மட்டும் இதற்குக் காரணமில்லை. அந்தப் பகுதியில் கெளுத்தி மீனுக்காகச் சட்டவிரோதமாகக் கட்டப்படும் செவுள்வலைகளில் சிக்கி டால்பின்கள் மூச்சுத் திணறிச் சாகின்றன. வீச்சுவலைக்காரர்களின் பக்கமே சுற்றிக்கொண்டிருப்பவை அந்த வலைகள் உள்ள இடங்களுக்குக் குறைவாகவே போகின்றன. ஆக, மனிதரிடமிருந்து தப்பிக்கவும் மனிதர் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது.

பிச்சை எடுக்க வைத்த அன்பு

இதற்கு நேர்மாறான கதை அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நடந்தது. சரசோட்டா அருகே படகுகளை நெருங்கி வாயைத் திறந்து நிற்கும் ஒரு டால்பினுக்கு ஊரார் வைத்த பெயரே 'பிச்சைக்காரன்'. 2011இல் ஆய்வாளர்கள் அதை 100 மணி நேரம் கவனித்தார்கள். மனிதரோடு அது 3,600 முறை ஊடாடியது. 169 முறை உணவு கொடுக்க முயன்றார்கள்; இறால், கணவாய் மட்டுமல்ல, பீரும் ஹாட் டாக்கும்கூட. 121 முறை தொட முயன்றார்கள். 9 முறை கடி வாங்கினார்கள். 2012 செப்டம்பரில் அது செத்து மிதந்தது. உடற்கூறாய்வில் வயிற்றுக்குள் தூண்டில் முள்களும் நரம்பும் இருந்தன, உடம்பில் பழைய எலும்பு முறிவுகளும் இருந்தன. உணவு கொடுத்தவர் யாரும் அதற்குக் கெடுதல் நினைக்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் மங்கி மையா கடற்கரையிலும் சுற்றுலாப் பயணிகள் டால்பின்களுக்கு மீன் கொடுத்தார்கள். கரையிலேயே கிடந்த தாய்களின் குட்டிகள் அதிகம் இறப்பது தெரிந்து, 1990களில் விதிகளை இறுக்க வேண்டிவந்தது.

லகுனாவில் யாரும் யாருக்கும் படி அளப்பதில்லை. இரு தரப்புக்கும் கூலி மடவையிடமிருந்தே வருகிறது. அதனால்தான் அந்த உறவு இத்தனை தலைமுறை நின்றிருக்கிறது. அது முறியக்கூடிய இடமும் அதே மடவைதான்.

இப்படிப்பட்ட கூட்டு வேட்டை முறிந்துபோவது புதிதல்ல. இன்றைய பிரான்ஸின் தென்கரைக் காயல் ஒன்றில் டால்பின்களோடு சேர்ந்து மடவை பிடித்ததை ரோமானிய எழுத்தாளர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். இன்று அங்கே அது இல்லை. ஆஸ்திரேலியாவின் ஈடன் ஊரில் திமிங்கில வேட்டைக்காரர்களுக்கு ஓர்க்காக்கள் என்னும் கொலையாளித் திமிங்கிலங்கள் துணை நின்றன. அவற்றில் பேர்போன 'ஓல்டு டாம்' 1930இல் இறந்தது. அதன் எலும்புக்கூடு அவ்வூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மியான்மரின் ஐராவதி ஆற்றில் இன்னும் சில மீனவர்கள் டால்பின்களை அழைத்து வலை வீசுகிறார்கள். அங்கே தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிக்கும் கும்பல்கள் அதற்கு உலை வைத்துவருகின்றன.

லகுனாவின் மடவை, குளிர் அலை வீசும் பருவத்தில் தெற்கிலிருந்து முட்டையிடக் கூட்டமாகக் கிளம்பும் மீன். அதன் சினைக்கு ஏற்றுமதிச் சந்தையில் நல்ல விலை. பெரிய கப்பல்கள் கடலிலேயே கூட்டத்தை வளைத்து அள்ளிவிட்டால் முகத்துவாரம் வரை வந்து சேருவது சொற்பம். மடவை குறையக் குறைய டால்பினும் மனிதரும் ஒருவருக்கொருவர் காத்திருப்பதில் லாபமில்லாமல் போகும், இளைஞர்கள் கற்றுக்கொள்வதும் நின்றுவிடும் என்கிறது 2023 ஆய்வு. பிடிக்கும் அளவுக்கு பிரேசில் அரசு 2018 முதல் வரம்பு விதித்துவருகிறது.

'மீன்பிடிக்கும் டால்பின்களின் தேசியத் தலைநகர்' என்ற பட்டத்தை 2016இல் அந்நாட்டு அரசு லகுனாவுக்குக் கொடுத்தது. பட்டம் நல்லதுதான். முகத்துவாரத்தில் கள்ளத்தனமாகக் கட்டும் செவுள்வலைகளை அறுத்தெறிவதும், மடவைக்கான பிடி வரம்பைப் பெரிய கப்பல்கள் மீறாமல் பார்த்துக்கொள்வதும் அதைவிட அவசரம்.