முள் தைத்த காலும் தீச்சுட்ட கையும்

ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடிக்குச் சென்றிருக்கிறீர்களா? அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் உள்ள மாரியம்மன் கோயிலுக்கு மக்கள் சாரிசாரியாக நடந்து வருவார்கள். வெறுங்காலுடன் வரும் ஒருவர் காலில் கருவேலமுள் தைத்துவிடுகிறது. பிடுங்கி எறிந்துவிட்டு நடக்கிறார். சற்று நேரத்தில் அந்த இடம் சிவந்து வீங்குகிறது. பெரும்பாலும் சில நாட்களில் ஆறியும் விடுகிறது. இடையில் தோலுக்குள் நடந்தது என்ன?

முள்ளோடு பாக்டீரியாக்களும் உள்ளே நுழைந்தன. அவற்றை உடனே எதிர்ப்பவற்றுள் முக்கியமானவை ‘காம்ப்ளிமென்ட்’ எனப்படும் நிரப்புப் புரதங்கள். இவை முப்பதுக்கும் மேற்பட்டவை. பெரும்பாலும் கல்லீரலில் உண்டாகி, செயலற்ற நிலையில் இரத்தத்தில் சுற்றி வருகின்றன. தோலின் செல்களும் இவற்றுள் சிலவற்றைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன.

பெயர் வந்த கதை

1895-ஆம் ஆண்டையொட்டி, பாரிஸில் ஜூல்ஸ் போர்டே ஓர் உண்மையைக் கண்டார். காலரா கிருமிகளைக் கொல்லும் சீரத்தைச் சுமார் 56 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால், அது ஆற்றலை இழந்தது. நோய் எதிர்ப்பு ஊட்டப்படாத விலங்கின் புதிய சீரத்தைச் சிறிது சேர்த்ததும் ஆற்றல் திரும்பியது! வெப்பம் தாங்கும் எதிர்ப்பொருளின் வேலையை, வெப்பம் தாங்காத வேறொரு பொருள் நிரப்பித் தருகிறது என்பது தெளிவாயிற்று. போர்டேக்கு 1919-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

மூன்று வேலைகள்

முதல் வேலை, அடையாளமிடுதல். ‘சி3’ என்னும் புரதத்தின் துண்டு கிருமியின் மேல் ஒட்டிக்கொள்ள, வெள்ளணுக்கள் அதை எளிதில் விழுங்குகின்றன. இரண்டாவது, ஆள் திரட்டுதல். வேறு சிறு துண்டுகள் வெள்ளணுக்களை அழைக்கின்றன. இரத்தக் குழாய்களைக் கசியச் செய்கின்றன. காலில் கண்ட சிவப்புக்கும் வீக்கத்துக்கும் இதுவும் ஒரு காரணம். மூன்றாவது, துளையிடுதல். சில புரதங்கள் வளையமாகக் கூடிக் கிருமியின் உறையைத் துளைக்கின்றன. துளையின் அகலம் மில்லிமீட்டரில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்குதான்!

நம் செல்களை மட்டும் இவை ஏன் தாக்குவதில்லை? அவற்றின் மேல் தடைப் புரதங்கள் காவல் இருப்பதால்தான்.

தீப்புண்ணில் நடப்பது

இருக்கன்குடியைச் சுற்றியுள்ள சாத்தூர், சிவகாசி வட்டாரம் பட்டாசுத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் பலர் உயிரிழந்தனர்.

முள் குத்திய இடத்தில் அளவோடு நின்ற வேலை, பெரிய தீப்புண்ணில் எல்லை மீறுகிறது. கருகிய திசுவும் நிரப்புப் புரதங்களைத் தூண்டிவிடும். அழற்சி பெருகி, பிழைத்திருக்கக்கூடிய பக்கத்துத் திசுவும் கெடுகிறது. புரதங்கள் பெருமளவு செலவாகிவிடுவதால் கிருமிகளை எதிர்க்கும் வலுவும் குறைகிறது. தோல் என்னும் வேலியோ ஏற்கனவே போய்விட்டது. ஆகவேதான் தீயில் தப்பியவரைப் பிறகு கிருமித்தொற்று அச்சுறுத்துகிறது.

நீங்கள் செய்யக்கூடியது

தீ அணைந்த பின்னும் தோலுக்குள் சூடு தங்கியிருக்கும். சுட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். திசு எவ்வளவு குறைவாகக் கெடுகிறதோ, அவ்வளவுக்கு அழற்சியும் குறையும். ஐஸ் வைக்காதீர்கள், மை, மாவு, பற்பசை எதுவும் பூசாதீர்கள். சுத்தமான துணியால் மூடி மருத்துவரிடம் செல்லுங்கள். புண் பெரிதானால் உடனே 108-ஐ அழையுங்கள்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பட்டாசுத் தொழிலாளர் இருக்கிறாரா? இன்று மாலையே இதை அவருக்குச் சொல்லுங்கள்.