சிப்பியிடம் ஒரு பாஸ்புக் இருக்கிறது

"தண்ணி கண்ணாடி மாதிரிதான் இருக்கு சார். ஆனா நண்டு எங்க போச்சு?"

மூன்று வருஷத்துக்கு முன்னால், காவலூரில் எங்கள் நிலத்தை ஒட்டி ஓடும் ஓடைக்கரையில் பக்கத்து நிலத்துப் பெரியவர் கேட்ட கேள்வி இது. அவர் தலைமுறை தலைமுறையாய்ச் சாமை விதைக்கிற குடும்பம். நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்று மண்வெட்டி பிடித்தவன். ஓடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தேன். கார அமிலநிலை, உப்பு, கடினத்தன்மை எல்லாம் 'சரி' என்று வந்த தாள் என் கையில். பெரியவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு கல்லைப் புரட்டினார். அடியில் ஒரு பூச்சி இல்லை, புழு இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனவன் கடற்கரைச் சிப்பி வரைக்கும் போய்விட்டேன். அங்கே என்னுடைய பழைய கணக்கு ஒன்றும் கிடைத்தது.

இருப்பும் பாஸ்புக்கும்

பாட்டிலில் பிடித்த தண்ணீர், கணக்கில் அன்றைய இருப்பு மாதிரி. நேற்று என்ன வந்தது, போன மாதம் என்ன போனது என்று அது சொல்லாது. ராத்திரி கழிவைத் திறந்துவிட்டுக் காலையில் மூடிவிட்டால் மத்தியானம் எடுத்த மாதிரியில் ஒன்றும் தெரியாது. மருந்து நஞ்சு என்றால், அதற்கென்று தனியாகப் பரிசோதனை கேட்டால்தான் தெரியும். நான் கேட்கவில்லை.

கடலில் பாறையை ஒட்டி வாழும் பச்சைச் சிப்பி அப்படியில்லை. அதனால் இடம் மாறி ஓட முடியாது. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரை உறிஞ்சி, வடிகட்டி, அதில் உள்ள நுண்ணுயிர்களைத் தின்று வாழ்கிறது. தண்ணீரோடு வருகிற காரீயம், காட்மியம், எண்ணெய், பூச்சிக்கொல்லி எல்லாம் அதன் சதையில் சேர்கின்றன. கொழுப்பில் கரையும் டி.டி.டி. போன்றவை தண்ணீரில் இருப்பதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு தங்கிவிடும். வரவெல்லாம் பதிவாகிற பாஸ்புக் அது.

இந்தப் பாஸ்புக்கை உலகம் முழுக்கப் படிக்கலாம் என்று 1975இல் அமெரிக்க விஞ்ஞானி எட்வர்டு கோல்ட்பெர்க் யோசனை சொன்னார். 'சிப்பிக் கண்காணிப்பு' என்று அதற்குப் பெயர். 1986இல் இருந்து அமெரிக்க அரசே இதைத் தன் கடற்கரைகளில் தொடர்ந்து நடத்திவருகிறது.

பிரான்சில் அர்காஷோன் விரிகுடாவில் வளர்ப்புச் சிப்பிகளின் ஓடு கோணலாகத் தடித்து, குஞ்சும் பிழைக்காமல் போனது. படகுக்கு அடிக்கிற வண்ணத்தில் கலந்த டி.பி.டி. என்ற நஞ்சுதான் காரணம் என்று கண்டுபிடித்து, 1982இல் சின்னப் படகுகளுக்கு அதைத் தடுத்தார்கள். இதே நஞ்சால் கடல் நத்தைகளில் பெண்ணுக்கு ஆண் உறுப்பு முளைத்ததையும் பார்த்தார்கள். கடைசியில் 2008இல் உலகக் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் தடை நடைமுறைக்கு வந்தது. சிப்பியும் நத்தையும் சொன்ன சாட்சி அது.

சேற்றில் வாழும் புழுக்களும் சாட்சி சொல்லும். கழிவு மண்டி, காற்றோட்டம் குறைந்த கடலடியில் மற்ற உயிர்கள் ஓய்ந்துபோக, 'காப்பிடெல்லா' என்ற கடற்புழு மட்டும் கூட்டம் கூட்டமாகப் பெருகும். வகை குறைந்து ஒரே வகை பெருத்தால், இடம் கெட்டது என்று அர்த்தம்.

வெள்ளாற்றங்கரையில் என் கையெழுத்து

பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அங்குள்ள ஆய்வாளர்களும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து தென்னிந்தியக் கடற்கரைப் பச்சைச் சிப்பிகளைச் சோதித்து 1990இல் முடிவை வெளியிட்டார்கள். சிப்பியின் சதையில் டி.டி.டி.யும் பி.எச்.சி.யும் இருந்தன. வெள்ளாற்றுத் தண்ணீரையும் மாதாமாதம் பார்த்தார்கள். மழைக்காலத்தில், நெல் வயலில் இருக்கிற நேரத்தில், ஆற்றில் பி.எச்.சி. ஏறியது.

இதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. 1980களின் கடைசியில் அதே வெள்ளாற்றுப் பக்கம் ஒரு கிளையில் பயிர்க்கடன் பார்த்தவன் நான். அன்றைக்குக் கடனில் ஒரு பகுதி ரொக்கம், ஒரு பகுதி உரமும் மருந்தும். மருந்துக் கடை ரசீது இல்லாமல் வந்த விவசாயியிடம், "ரசீது கொண்டாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு பெரியவர், "எனக்கு மருந்து வேணாம் சார், சாம்பலே போதும்" என்றார். விதிமுறை அப்படி, நான் என்ன செய்ய என்றேன்.

பி.எச்.சி. தூள் மூட்டையை மறக்காதவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். வேட்டியில் முடிந்துகொண்டு வெறுங்கையால் தூவினோம். 1997இல் அதைத் தடை செய்தார்கள். அதற்குள் எத்தனை சம்பா போயிருக்கும்! நான் கையெழுத்துப் போட்ட கடன் என் பேரேட்டில் 'வசூல்' என்று முடிந்துவிட்டது. சிப்பியின் பேரேட்டில் அது பாக்கியாகவே நின்றிருக்கிறது.

பாலாற்றைத் தோல் தொழில் கெடுத்தது என்று நாம் விரல் நீட்டுகிறோம். சரிதான், மாசு செய்தவரே ஈடு தரவேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில்தான் சொன்னது. ஆனால் வயலில் இருந்து வழிகிறதற்குக் குழாயும் கிடையாது, கதவு எண்ணும் கிடையாது. சிப்பிக்கு மட்டும் அது தெரியும்.

மலை ஓடையைப் படிக்கிற விதம்

'கடற்கரை கதை மலைக்காரனுக்கு எதுக்கு?' என்று கேட்பீர்கள். ஜவ்வாது மலையில் பெய்கிற மழை ஒரு பக்கம் பாலாற்றுக்கும், மறு பக்கம் தென்பெண்ணைக்கும் போகிறது. ஒன்று வாயலூர் அருகே, மற்றது கடலூரில், இரண்டும் வங்கக்கடல்தான். கடலில் சிப்பி செய்கிற வேலையை இங்கே கல்லடிப் பூச்சிகள் செய்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே இந்தச் சிற்றுயிர்களை வைத்து நீரை ஐந்து தரமாகப் பிரிக்க ஒரு முறை வைத்திருக்கிறது. நாம் எளிதாகவே பார்க்கலாம்.

தேவை: பழைய கொசுவலைத் துண்டு, வெள்ளைத் தட்டு, ஒரு நோட்டு. காவலூர் என்றால் எல்லோருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கிதான் ஞாபகம் வரும். இந்த வேலைக்குச் சின்னப் பூதக்கண்ணாடி போதும். தண்ணீர் சலசலத்து ஓடும் இடத்தில் வலையைக் கீழ்ப்பக்கம் பிடித்து, மேற்பக்கக் கற்களைப் புரட்டித் தேயுங்கள். வலையில் வந்ததைத் தட்டில் கொட்டிப் பாருங்கள்.

நல்ல நீர்: வாலில் மூன்று மயிர் நீட்டிய, கல்லோடு ஒட்டி ஓடும் பூச்சி (மேஃப்ளை என்பார்கள்), மணலும் குச்சியும் ஒட்டிக் கூடு கட்டிய புழு. கெடுதலைத் தாங்காதவை இவை.

நடுத்தரம்: தட்டானின் இளம்பூச்சி, நண்டு, சில நத்தைகள்.

கெட்ட நீர்: ரத்தச் சிவப்புப் புழுவும் மெல்லிய சேற்றுப்புழுவும் மட்டும் நிறைய. காற்று குறைந்த சேற்றிலும் வாழக்கூடியவை.

ஒன்றுமே இல்லையென்றால் நஞ்சு போயிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். வெள்ளம் வந்தாலும் எல்லாம் அடித்துப் போகும். அதனால் பெருமழைக்குப் பிறகு மூன்று நான்கு வாரம் பொறுத்துப் பாருங்கள். மாதம் ஒரு முறை, அதே இடம், அதே அளவு நேரம். பார்த்த பிறகு கல்லைப் பழையபடி வையுங்கள். அது அவர்கள் வீடு. இன்னொன்று: பூச்சி இருக்கிறது என்பதற்காகத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். நோய்க்கிருமி இதில் தெரியாது.

எங்கள் ஓடைக்கு வருகிறேன். மேலே குத்தகைக்குத் தக்காளி போட்ட தம்பி ஒருவர் தெளிப்பானை ஓடையிலேயே கழுவிக்கொண்டிருந்தார். பெரியவரும் நானும் தட்டை எடுத்துக்கொண்டு போனோம். முதலில் ஓடைக்கு அவர் நிலத்துக்கு மேலே வலையைப் பிடித்தோம். தட்டு நிறைய உயிர். பிறகு கீழே, வெறும் மணல். "நான்தானா சார்?" என்றார். நாங்கள் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் முதல் அவர் கழுவுகிற தண்ணீர் ஓடைக்கு வருவதில்லை. இரண்டு மழைக்குப் பிறகு கூடு கட்டும் புழு வந்தது. நண்டு இன்னும் கொஞ்சம்தான்.

நமக்கும் ஒரு சொல். புகையிலைக் கரைசலும் நீர்ப்பூச்சிக்கு நஞ்சுதான். சாணக்குழி வழிந்து ஓடையில் சேர்ந்தால் நீரின் காற்று குறையும். 'நாங்க இயற்கை விவசாயம்' என்று நாமே சான்றிதழ் எழுதிக்கொண்டால் போதாது. உங்கள் நிலத்துக்கு மேலே ஒரு கல், கீழே ஒரு கல். இரண்டையும் புரட்டி எழுதி வையுங்கள். போன மாதம் எங்கள் கீழ்க்கல்லில் மூன்றுவால் பூச்சி பதினொன்று. மேல்கல்லில் பத்தொன்பது. பாக்கி இன்னும் இருக்கிறது.